சிரிக்கிற பிள்ளை

பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுப் படி ஏறக்கூடாது, படமும் கேட்கக்கூடாது என்பது கிருசாந்தியின் அம்மா போட்ட சட்டம். மூன்று வருடங்களுக்கு முன் நம்பிக் கொடுத்த ஒரேயொரு படம் வைபரில் ஏறி யாழ்ப்பாணம் போய், லண்டன் போய், ரொறன்ரோவில் முகம் தெரியாத ஒரு மாமியின் போனில் தங்கி, கடைசியில் "இந்தப் பிள்ளையை வேண்டாமெண்டு போட்டினமாம்" என்ற சேதியோடு பரந்தனில் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது. அன்றைக்கு அம்மா குசினிக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து வெளியே வந்தபோது சட்டம் தயாராக இருந்தது.

"இனி என்ர பிள்ளையைப் பாக்கிறவன் பொது இடத்தில பாக்கட்டும். அவை ஒரு அலுவலா வந்த மாதிரி வரட்டும், நாங்களும் வந்த மாதிரிப் போவம். பிடிச்சால் பிறகு கதைப்பம். பிடிக்காட்டி ஆரும் ஆரையும் பாக்கேல்லை."

அப்படியே இரண்டு தடவை கோயில் திருவிழாக்களில் நடந்தது. இரண்டு தடவையும் ஆரும் ஆரையும் பார்க்கவில்லை.

மூன்றாவதாக வந்தது வவுனியாச் சம்பந்தம். மாப்பிள்ளை சுஜிதன், தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கிறவன். தரகர் வேலை பார்த்தவர் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி குகதாசன். பையனின் படத்தை அனுப்புகிற அவசரத்தில், பையன் அவருக்கு அனுப்பியிருந்த ஒரு குரல் பதிவையும் சேர்த்துக் கிருசாந்தியின் போனுக்கு அனுப்பிவிட்டார். பத்து விநாடிகூட வராத பதிவு.

"அண்ணை, படிச்ச பிள்ளையோ, என்ன வேலையோ எண்டெல்லாம் அக்கா கேப்பா. நான் ஒண்டுதான் கேக்கிறன்... சிரிக்கிற பிள்ளையோ?"

அந்த ஒரு இடைவெளிதான் கிருசாந்தியை விழுத்தியது. 'கேக்கிறன்' என்பதற்கும் 'சிரிக்கிற' என்பதற்கும் நடுவே, சரியான சொல்லைத் தேடி அவன் நின்ற இடைவெளி. கிளிநொச்சியில் அவள் வேலை செய்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில், ஆட்கள் இல்லாத மத்தியானங்களில், நூலகத்திலிருந்து எடுத்துவரும் மொழிபெயர்ப்பு நாவல்களை வாசிப்பாள். அவற்றில் வருகிற ஆண்கள் பனி பெய்கிற ரயில் நிலையங்களில் இப்படித்தான் ஒரு சொல்லுக்காக நிற்பார்கள். பரந்தன் சந்தியில் அப்படி நிற்கிறவனை அவள் கண்டதில்லை. கடை முழுக்க நிலைக்கண்ணாடிகள் இருந்தது வசதியாகப் போயிற்று. ஒரு மாதம் அவள் சிரிக்கப் பழகினாள். உதட்டை மூடிச் சிரித்தால் கர்வக்காரியாகத் தெரிந்தது. திறந்து சிரித்தால் பல் வைத்தியருக்குக் காட்டுவது போலிருந்தது.

இடத்தைச் சொன்னது மாப்பிள்ளை வீட்டார். புளியங்குளத்தில் இறங்கி உள்ளே போனால், முன்பு கல்லுடைத்த பெரிய பள்ளம் ஒன்றில் மழைத்தண்ணீர் நிறைந்து, இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கருங்கல் சுவர் நிற்க, அதை ஆரோ எடுத்துக் 'கன்யன் பார்க்' என்ற பேரில் உல்லாசப் பூங்கா ஆக்கியிருந்தார்கள். துடுப்புப் போடுகிற பிளாஸ்டிக் தோணி, கயிற்றுப் பாலம், விளிம்பு வழியே நடைபாதை எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் குவிந்தது.

"கிரசர்க்காரன் கல்லை வித்தான். இவங்கள் கிடங்கை விக்கிறாங்கள்" என்றார் அப்பா யோகநாதன்.

"நீங்கள் அங்க வந்து உந்தக் கதையளை விடாதேங்கோ. வாய மூடிக்கொண்டு தோணி ஓடுங்கோ" என்றாள் அம்மா.

ஏற்பாடு இதுதான். குகதாசனை வவுனியாவில் தெரியாத ஆட்களே இல்லை, அவர் வந்தால் என்ன அலுவல் என்று ஊரே கண்டுபிடித்துவிடும். ஆகவே அவர் வரமாட்டார். அறிமுகமும் இருக்காது. கிருசாந்தியின் தோளில் மயில்பச்சை நிறச் சால் இருக்கும். மாப்பிள்ளைக்கு அதுதான் அடையாளம். அவன் தன் அக்காவோடு வந்து, பார்த்துவிட்டுப் போவான். பெண் தனியே தாய் தகப்பனோடு போனால் பெண் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அப்பட்டமாகத் தெரியும் என்பதால் துணைக்கு ஒரு பிள்ளை வேண்டும். அம்மா தன் தங்கையின் மகள் தேனுகாவைக் கூப்பிட்டாள். தேனுகாவுக்கு இருபத்திரண்டு வயது. டெங்குக் காய்ச்சலில் கிடந்து எழும்பி, கழுத்தெலும்பு தெரிய நின்றாள். அம்மாவின் கணக்கில் அது பாதுகாப்பான நேரம்.

"அவளிட்ட விசயத்தைச் சொல்லிப்போடாதை. சொன்னால் பாத்துப் பாத்துச் சிரிப்பாள், காரியம் கெட்டுப்போம்" என்று அம்மா எச்சரித்தாள்.

சொல்லாமலே அவள் சிரித்தாள். வான் பரந்தனில் வெளிக்கிட்டதிலிருந்து சிரித்தாள். முறிகண்டியில் தேங்காய் உடைத்தபோது அப்பா உடைத்தது ஓடிப்போய் ஒரு நாயின் காலடியில் நின்றதற்குச் சிரித்தாள். கச்சான் கடலை வாங்கி எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்து, வான்காரருக்கும் ஒரு சுருள் நீட்டி, அந்த முசுட்டு மனிதரையே மாங்குளம் வரை கதைக்க வைத்தாள். கிருசாந்தி யன்னலோரம் இருந்து பார்த்தாள். எந்தக் கண்ணாடிக்கு முன்னாலும் நின்று பழகாத சிரிப்பு. மேலுதடு கொஞ்சம் கூடுதலாக ஏறி, பல்லுக்கு மேலே முரசு தெரிகிற சிரிப்பு. குறை என்று சொல்லலாம். ஆனால் அந்தக் குறையைப் பார்த்தால் பார்க்கிறவனுக்கும் சிரிப்பு வருகிறது, அதற்கு என்ன செய்வது?

"அக்கா, ஏன் உம்மெண்டு இருக்கிறியள்? வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ?"

"ஒண்டுமில்லை. நீ சத்தம் போடாமல் வா."

பார்க் வாசலில் கிருசாந்தி அவனை உடனே கண்டுகொண்டாள். படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் மெலிவு, முன்நெற்றியில் முடியும் கொஞ்சம் குறைவு. ரிக்கெற் வரிசையில் அக்காவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். அவர்கள் பக்கம் ஒரு தரம் திரும்பினான். கிருசாந்தி தோளில் கிடந்த சாலைச் சரிசெய்து, ஒரு மாதப் பயிற்சியை உதட்டுக்குக் கொண்டுவருவதற்குள் அவன் அங்காலே திரும்பிவிட்டான். பார்த்துவிட்டான் என்று அவள் முடிவு கட்டினாள். உண்மையில் அவன் பார்த்தது, பின்னால் ரிவேர்ஸ் வந்த ஒரு பஸ்ஸை. பிழை அங்கேதான் தொடங்கியது.

தண்ணீருக்கு இறங்கக் கல்லில் வெட்டிய படிகள் கன தூரம் போயின. முழங்கால் நோவென்று அம்மா மேலேயே மர நிழலில் கதிரை பிடித்து இருந்துவிட்டாள். கீழே, தோணித்துறையில் நின்ற பணியாள் எல்லாருக்கும் செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டையும் ஹெல்மெற்றும் கொடுத்தான். தேனுகா தண்ணீருக்குப் பயந்து பின்வாங்கினாள்.

"நான் மாட்டன் பெரியப்பா. நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ, நான் செருப்புக்குக் காவல்."

"அக்கா, சாலோட ஏறேலாது. துடுப்பில சிக்கும்" என்றான் பணியாள்.

கிருசாந்தி ஒரு கணம் யோசித்தாள். பார்த்தவன் பார்த்துவிட்டானே, இனி என்ன? சாலைக் கழற்றித் தேனுகாவின் கையில் கொடுத்துவிட்டுத் தோணியில் ஏறினாள்.

தோணியில் முன்னால் அவள், பின்னால் அப்பா. அப்பா வயலில் வள்ளமா ஓட்டினார்? அவர் வலப்பக்கமே துடுப்புப் போட்டார். தோணி ஒரே இடத்தில் வட்டமடித்தது. ஒவ்வொரு வட்டத்திலும் கரை ஒரு தரம் கண்ணுக்கு முன்னால் வந்து போயிற்று.

முதல் வட்டத்தில், வெயிலுக்காகத் தேனுகா சாலைத் தலையில் சுற்றி, கழுத்தடியில் முடிந்துகொண்டு நிற்பது தெரிந்தது. கிருசாந்தியின் சால். கடையில் நான்கு தடவை விரித்து மடித்து வாங்கிய சால். தன் தோளில் ஒரு துணியாகக் கிடந்தது அங்கே ஒரு பூவாக நின்றது. அது அவளுக்குத்தான் நெய்தது போலிருந்தது.

இரண்டாவது வட்டத்தில் படிகளில் குடை இறங்கி வந்தது. அக்காவும் தம்பியும்.

"அப்பா, இடப்பக்கமும் போடுங்கோவன்!"

"போடுறன் பிள்ளை, இது கேக்குதில்லை."

அடுத்த தரம் கரை வந்தபோது மூவரும் கதைத்துக்கொண்டு நின்றார்கள். ஆரும் ஆரோடும் கதைக்கக்கூடாது என்பதல்லவா ஏற்பாடு? அவன் கையை நீட்டித் தண்ணீரில் சுற்றுகிற தோணியைக் காட்டி ஏதோ சொன்னான். தேனுகா சிரித்தாள்.

கருங்கல் சுவர் அந்தச் சிரிப்பை வாங்கி எதிர்ச் சுவருக்கு எறிந்தது. எதிர்ச் சுவர் திருப்பி எறிந்தது. கிருசாந்தி அதை முன்னால் கேட்டாள், பின்னால் கேட்டாள், பிறகு தலைக்கு மேலே, வானம் ஒரு கீற்றாகத் தெரிகிற இடத்திலும் கேட்டாள். பள்ளம் முழுக்கத் தேனுகா சிரித்தாள். அவன் முகம் கிருசாந்திக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகும் குலுங்கியது.

தன்னைப் பார்த்தான், பிறகு இவளைப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்கு இவளைப் பிடித்துவிட்டது. கிருசாந்திக்கு வேறொன்றும் தோன்றவில்லை. தோணி இன்னும் இரண்டு தரம் சுற்றியது. அவளுக்கு நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. டெங்கு வந்தபோது இவளுக்குப் பப்பாசிச் சாறு அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தது ஆர்? நான். ஒரு கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரியில் இருந்தது ஆர்? நான். அப்படியே கிடக்க விட்டிருக்கலாம் என்ற நினைவுகூட ஒரு கணம் வந்தது. வந்ததும் பயந்து, துடுப்பை இழுத்து ஓங்கிப் போட்டாள். அப்பாவுக்கு முகமெல்லாம் தண்ணீர்.

"மெல்லமாடி பிள்ளை! கிடங்கை வத்தப் பண்ணிப்போடுவாய் போல."

கரைக்கு வந்து, ஹெல்மெற் தலைமுடியை மண்டையோடு ஒட்ட வைத்திருக்க, நனைந்த உடுப்போடு அவள் படியேறினாள். தேனுகா முன்னமே மேலே போயிருந்தாள். ஐஸ்கிறீம் கடை வாங்கில் அவனுடைய அக்காவோடு நெருக்கமாக இருந்து, இன்னமும் அந்தச் சாலோடு, கோனை நக்கியபடி கதைத்துக்கொண்டிருந்தாள். அம்மா தூரத்து மரத்தடியில் தூங்கிப்போயிருந்தாள். அப்பா நனைந்த சேட்டைக் கழற்றிப் பிழிய ஒதுங்கினார்.

விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியே நின்றவன், கிருசாந்தியைக் கண்டதும் கிட்ட வந்தான்.

"நீங்கள் அவவோட வந்தனீங்கள் தானே?" வாங்கைக் கண்ணால் காட்டினான்.

"ஓம்."

"பிழையா நினையாதேங்கோ. அவவிட்ட நேர கேக்க ஒரு மாதிரிக் கிடக்கு..." நின்றான். அதே இடைவெளி. குரல் பதிவில் அவள் மனப்பாடம் செய்த இடைவெளி, இப்போது இன்னொருத்திக்காக. "அவவுக்கு வேற ஆரையும்... விருப்பமோ? சில ஆக்கள் வீட்டில சொல்லப் பயந்துகொண்டு இருப்பினம். அப்பிடியெண்டால் நான் இடையில வந்து கரைச்சல் குடுக்க விரும்பேல்லை. நீங்கள் கூட இருக்கிறவா, உங்களுக்குத் தெரியும்."

நல்லவனாக இருந்தான். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கேவலமானவனாக இருந்திருந்தால், போகட்டும் சனியன் என்று விட்டிருப்பாள்.

"ஓம்" என்றாள்.

"என்ன ஓம்?"

"இருக்கு. கனடாவில ஒரு ஆள். போன்லதான் கதை. வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது." சொல்லச் சொல்லப் பொய் தானாக வளர்ந்தது. "அவருக்குப் பேப்பர் சரிவந்ததும் கூப்பிடுவாராம்."

அவன் தலையைக் குனிந்து, பள்ளத்தின் அடியில் கிடக்கும் பச்சைத் தண்ணீரைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"சொன்னது பெரிய உதவி. நான் காட்டிக்குடுக்க மாட்டன், பயப்பிடாதேங்கோ."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்து, கவலையோடு, ஆனாலும் உண்மையாகவே சிரித்தான். அவளும் சிரித்தாள். ஒரு மாதமாகக் கடைக் கண்ணாடிகளில் வராத சிரிப்பு அப்போது தானாகவே வந்தது. இனி இந்தப் பக்கம் திரும்புவான், இன்னும் ஒரு சொல் கதைப்பான் என்று நின்றாள். அவன் "வாறன்" என்று சொல்லி, அக்காவிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னான். அக்காவின் முகம் மாறியது. தேனுகாவின் தலையை ஒரு தரம் தடவிவிட்டு அந்தப் பெண் எழும்பிப் போனாள்.

வான் ஏ-ஒன்பது வீதியில் ஏறி, மாங்குளம் தாண்டியபோது குகதாசன் எடுத்தார். அம்மா போனைக் காதில் வைக்கிற பழக்கம் இல்லாதவள். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தாள்.

"என்ன வேலை அக்கா பாத்தனீங்கள்? பிள்ளைக்குக் கனடாவில விருப்பம் இருக்கெண்டால் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே! ஏன் அந்தப் பொடியனை மினக்கெடுத்தினீங்கள்?"

"ஆருக்கு? என்ர பிள்ளைக்கோ? ஆர் சொன்னது?"

"கூட வந்த பிள்ளைதானாம் சொன்னது. பொடியன் வாயத் திறக்கேல்லை, அக்காக்காரியிட்டத்தான் கிண்டி எடுத்தனான். அவைக்கு எவ்வளவு பிடிச்சதெண்டு தெரியுமோ? பச்சைச் சாலைத் தலையில கட்டிக்கொண்டு, கலகலவெண்டு கதைச்சு, வடிவாச் சிரிச்சுதாம். இப்பிடியொரு பிள்ளையைத்தான் தேடினனாங்கள் எண்டு..."

சிக்னல் அறுந்தது.

கிருசாந்திக்கு உடனே விளங்கியது. அவன் கடைசிவரை அவளைப் பார்க்கவேயில்லை. சாலைத்தான் பார்த்தான். சாலுக்குள் இருந்தவளைக் கிருசாந்தி என்று நினைத்தான். அவளைத்தான் அவனுக்குப் பிடித்திருந்தது. அந்தக் கிருசாந்திக்குக் கனடாவில் ஆள் இருக்கிறது என்று கிருசாந்தியே போய்ச் சொல்லிவிட்டாள்.

அம்மாவின் காதில் விழுந்தது 'கூட வந்த பிள்ளை' மட்டும்தான். ஆசனத்தில் முழுதாகத் திரும்பினாள்.

"எடியே தேனு! உனக்கு நான் என்னடி குறை வைச்சனான்? உன்ர அக்கான்ர கலியாணத்தைக் குழப்பவோ உன்னை வானில ஏத்திக் கொண்டந்தனான்?"

"என்ன பெரியம்மா? என்ன கலியாணம்?"

"நடியாதை! இவளுக்குக் கனடாவில ஆள் எண்டு அந்தப் பொடியனிட்ட ஏன் சொன்னனீ?"

"ஆரிட்ட? நான் ஒருத்தரிட்டயும்... அந்த அண்ணை தோணி சுத்துதெண்டுதான் கதைச்சவர்..." தேனுகாவின் கண் நிறைந்து வழிந்தது. முகத்தைச் சுளிக்காமல், மூக்குச் சிந்தாமல், கண்ணிலிருந்து மட்டும் இறங்குகிற அழுகை. அழும்போதுகூடவா ஒருத்தி இப்படி இருப்பாள் என்று கிருசாந்திக்கு அந்த நேரத்திலும் தோன்றியது.

"விடப்பா, சின்னப்பிள்ளை" என்றார் அப்பா.

"சின்னப்பிள்ளையோ? பொறாமை பிடிச்சது! இனி என்ர வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது."

வான்காரர் பாட்டை நிற்பாட்டினார். கிருசாந்தி பேசாமல் இருந்தால் போதும். பழி தானாகவே வந்து தேனுகாவின் தலையில் உட்கார்ந்திருந்தது, அந்தச் சாலைப் போலவே அளவாக. இனிமேல் எந்தப் பெண் பார்ப்புக்கும் அம்மா அவளைக் கூட்டி வரமாட்டாள். கிருசாந்தி அதை ருசித்துப் பார்த்தாள். மாங்குளத்திலிருந்து அடுத்த பாலம் வரைக்கும் ருசித்தாள். தேனுகா அவளுடைய கையைத் தேடிப் பிடித்து, "நீங்களாவது சொல்லுங்கோ அக்கா, நான் அப்பிடிச் செய்வனோ?" என்றாள்.

"அம்மா, அவள் இல்லை. நான்தான் சொன்னனான்."

"உனக்கு ஆள் இருக்கெண்டு நீயே சொன்னனியோ?"

"எனக்கெண்டு இல்லை. இவளுக்கு இருக்கெண்டு சொன்னனான். இவளைப் பிடிச்சுப்போட்டுதெண்டு நினைச்சன். அவர் இவளை நானெண்டு நினைச்சிருக்கிறார்."

தேனுகா கன்னத்தைத் துடைத்தாள்.

"எனக்குக் கனடாவில ஆரக்கா?"

"ஒருத்தரும் இல்லையடி."

"இல்லை, நீங்கள் சொன்ன ஆள். நல்ல வேலையோ?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றினார். கிருசாந்தி குகதாசன் மாமாவுக்கு எடுத்துச் சுஜிதனின் நம்பரைக் கேட்டாள். பொம்பிளைப் பிள்ளை தானே எடுக்கிறதோ என்று அம்மா தடுத்தாள். குரலில் பலம் இல்லை. இரண்டு தரம் மணி அடித்ததும் அவன் எடுத்தான்.

"நான்... கம்பியடியில உங்களோட கதைச்ச பிள்ளை. என்ர பேர் கிருசாந்தி. நீங்கள் பாக்க வந்தது என்னைத்தான். சாலோட தோணியில ஏற விடமாட்டம் எண்டதால அதைத் தங்கச்சியிட்டக் குடுத்தனான்."

அவன் சொல்லைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

"அப்ப நீங்கள் சொன்னது..."

"பொய். எரிச்சலில சொன்னனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

இன்னும் நீண்ட இடைவெளி. கிளிநொச்சிப் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு தாண்டியது.

"அப்ப அவவுக்கு..." என்றான் அவன், மெதுவாக, வெட்கத்தோடு. "உண்மையா... ஒருத்தரும் இல்லையோ?"

இதற்கும் 'ஓம், இருக்கு' என்று சொல்லலாம். ஒரு தரம் நம்பினவன் இரண்டாம் தரமும் நம்பக்கூடும். தேனுகா பக்கத்தில், அழுது சிவந்த மூக்கோடு, கையில் மிச்சமிருந்த கச்சானை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்றாள் கிருசாந்தி. "ஒருத்தரும் இல்லை. மாமாவோட கதையுங்கோ."

போனை வைத்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"இவளைக் கேக்கிறார்."

"என்னையோ!" தேனுகா ஒரு கச்சானை வாயில் போட்டாள். "சீ, எனக்கு வேண்டாமப்பா. அந்த அண்ணை ஒரு வசனம் சொல்லி முடிக்க எனக்கு ஐஸ்கிறீம் உருகிப்போச்சு."

கிருசாந்திக்குப் பளாரென்று ஒன்று வைக்க வேண்டும் போல் கை துடித்தது.

"விசர்க் கதை கதையாதை" என்றாள். "நல்ல மனிசன். யோசிச்சுத்தான் கதைக்கிறவர்."